நானூற்றுப் பதினேழாம் நம்பர் பிரியாணி

பொத்தானைத் தட்டியதும் கண்ணாடிப் பெட்டிக்குள் சின்னச் சின்னக் குமிழிகள் சரம் சரமாய் எழும்பின. கறுப்பு ஒயர் மேலே, சிவப்பு ஒயர் கீழே, நூறு வோல்ட், நாற்பது நிமிஷம், எல்லாம் சரி என்று வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டே பூவராகன் கையுறையைக் கழற்றப் போனான். அப்போதுதான் வெள்ளைக் கோட்டின் வலது கை மடிப்பில் அந்த முடி கண்ணில் பட்டது. வெள்ளைக் கோட்டில் வெள்ளை முடி. ஜன்னல் வெயில் மட்டும் சாய்வாக அடித்திருக்காவிட்டால் தெரிந்தே இருக்காது, தெரியாமலே போயிருக்கலாம், தெரியாத வரைக்கும் மனுஷன் எவ்வளவு சௌக்கியமாக இருக்கிறான். ஐயையோ, இது ரவாவா? ரவா அவன் வீட்டுப் பூனை. மகள் மதிவதனி போன வருஷம் மாடிப்படிக்குக் கீழே கண்டெடுத்து, உடம்பெல்லாம் வெள்ளையும் அங்கங்கே பொரிந்த புள்ளியுமாய் இருக்கிறதே என்று அவளே வைத்த பேர். நேற்று ராத்திரி தோய்த்து மடித்த துணிக்கூடையில் அது சுருண்டு படுத்திருந்தது, கூடையில் மேலாக இருந்தது இந்தக் கோட்டு. கோட்டை வீட்டுக்குக் கொண்டுபோகவே கூடாது. ஆய்வகத்திலேயே தோய்க்க ஆள் இருக்கிறார், அது விதி. ஆனால் அந்தப் புண்ணியவான் நீலத்தை அள்ளிக் கொட்டிக் கோட்டை ஆகாசக் கலராக்கிவிடுவார், அதைப் போட்டுக்கொண்டு நின்றால் பெட்ரோல் பங்க் பையன் மாதிரி இருக்கிறது என்று கலைவாணிதான், பெண்டாட்டி என்றால் அவளுக்கு ஆயிரம் யோசனை, இங்கே கொண்டாங்க நான் தோய்க்கிறேன் என்றாள். இவனும் ஆறு மாசமாகச் சத்தமில்லாமல் சுருட்டிப் பையில் வைத்துக் கொண்டுபோய்க் கொண்டு வருகிறான். ஆறு மாசமாக ஒன்றும் ஆகவில்லை. இன்றைக்கு, அதுவும் இன்றைக்கு, காலையில் ஒன்பது மணிக்கு இதே கையை நீட்டி அந்தச் சின்னக் குப்பிகளைத் திறந்து திறந்து மூடியபோது இந்த முடி இங்கேதான் உட்கார்ந்திருந்ததா?

வேறு எந்த வேலையாக இருந்தாலும் ஒரு பூனை முடிக்கு யாரும் இப்படி வியர்க்க மாட்டார்கள். தட்டிவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார்கள். பூவராகனுக்கு வாய்த்த வேலை அப்படி. அம்பத்தூர் எஸ்டேட்டில் உணவுப் பொருள்களைச் சோதித்துச் சொல்லும் ஆய்வகம் அது. மிளகாய்த்தூளில் செங்கல் பொடி இருக்கிறதா, தேனில் சர்க்கரைப் பாகு இருக்கிறதா என்று பார்க்க வேறு ஆட்கள் உண்டு. இவனுக்கு இறைச்சி. ஆடு என்று சொல்லி விற்பது ஆடுதானா என்று அந்தக் கறித்துண்டின் டிஎன்ஏவிடமே கேட்டுச் சொல்வது. வேகவைத்தாலும் வறுத்தாலும் மசாலாவில் புரட்டினாலும் டிஎன்ஏ துண்டு துண்டாக உடையுமே தவிர அடியோடு அழிந்து போகாது. ஆட்டுக்கென்று ஒரு ஜோடி பிரைமர், பூனைக்கென்று ஒரு ஜோடி. பிரைமர் என்றால் தெரிந்த முகத்தைக் கண்டால் மட்டும் கையைப் பிடிக்கிற வஸ்து. ஆட்டு பிரைமர் ஆட்டைத் தவிர யாரையும் சீந்தாது. பிடித்த இடத்திலிருந்து பிசிஆர் மெஷின் நகலெடுக்க ஆரம்பிக்கும். சூடாக்கும், ஆற்றும், மறுபடி சூடாக்கும். ஒன்று இரண்டாகும், இரண்டு நாலாகும், நாலு எட்டாகும், இப்படி முப்பத்தைந்து சுற்று. ஒரு சொந்தக்காரருக்குப் பத்திரிகை வைத்துவிட்டுப் பந்தியில் போய்ப் பார்த்தால் நாற்பது பேர் உட்கார்ந்திருப்பார்களே, அந்த மாதிரி. அதில்தான் வம்பே. உள்ளே விழுந்தது யார் என்று மெஷின் கேட்காது. கறியிலிருந்து வந்த பூனையா, கோட்டிலிருந்து வந்த பூனையா, அதற்கு எல்லாம் ஒன்றுதான். ஒரு முடி கூட வேண்டாம், முடியில் ஒட்டிய எச்சில் போதும். பூனை இருக்கிறதே, அது நாள் முழுக்க வேறென்ன செய்கிறது, உட்கார்ந்து நக்கிக்கொண்டே இருக்கிறது. காலையில் குப்பிகளைத் திறந்தபோது கையைத் தூக்கி வைத்திருந்தேனா, இறக்கி வைத்திருந்தேனா? கையுறையை மடிப்புக்கு மேலே இழுத்துவிட்டேனா? இழுத்துவிட்டேன். இழுத்துவிட்ட மாதிரிதான் ஞாபகம். நேற்று இழுத்துவிட்டது ஞாபகம் வருகிறதா, இன்றைக்கு இழுத்துவிட்டதா? பதினோரு வருஷமாகத் தினமும் செய்கிற காரியத்தில் இன்றையதை மட்டும் தனியாக எப்படிப் பிரித்து எடுப்பது? வீட்டைப் பூட்டினோமா என்று பஸ் ஏறியபிறகு யோசித்தால் பூட்டிய ஞாபகம்தான் வரும், எல்லா நாளும் பூட்டிய ஞாபகம் சேர்ந்து வரும், அதை வைத்துக்கொண்டு நாக்கைக்கூட வழிக்க முடியாது.

நீலச் சாயம், நகலெடுத்த டிஎன்ஏவையும் கூட்டிக்கொண்டு, பெட்டிக்குள் இருந்த ஜெல்லில் ஒரு நகக்கண் அளவு நகர்ந்திருந்தது. எட்டுக் குழிகள். முதல் குழியில் அளவுகோல். இரண்டில் சாம்பிள், ஆட்டு பிரைமரோடு. மூன்றில் அதே சாம்பிள், பூனை பிரைமரோடு. நாலில் நிஜ ஆடு, ஐந்தில் நிஜப் பூனை, ஒப்பிட்டுப் பார்க்க. ஆறிலும் ஏழிலும் ஆடும் கிடையாது பூனையும் கிடையாது, ஆறில் ஆட்டு பிரைமரும் ஏழில் பூனை பிரைமரும் விட்ட வெறும் தண்ணீர், வெளியிலிருந்து ஏதாவது கலந்திருந்தால் காட்டிக்கொடுக்க. எட்டு காலி. அந்த மூன்றாம் குழிதான், அதில் ஒரு கோடு விழுந்தால் கறியில் பூனை என்று அர்த்தம், தீர்ந்தது. சாம்பிள் நம்பர் நானூற்றுப் பதினேழு. யார் கடை, எந்தத் தெரு, எதுவும் டப்பாவில் இருக்காது, இருக்கவும் கூடாது, உணவுப் பாதுகாப்பு அதிகாரியின் அரக்குச் சீலும் நம்பரும்தான். ஆனால் திங்கட்கிழமை அந்த டப்பாவின் மூடியைத் திறந்ததுமே பூவராகனுக்குத் தெரிந்துபோயிற்று. கல்பாசி வாசனை தூக்கலாக வந்தது. சரி, கல்பாசி யார்தான் போடவில்லை என்று சமாதானம் சொல்லிக்கொண்டே கரண்டியால் புரட்டினால், கீறாமல், காம்பு கிள்ளாமல், முழுசாக ஒரு பச்சை மிளகாய். இந்த அம்பத்தூரிலேயே காம்போடு மிளகாய் போடுகிற ஆள் ஒருத்திதான். ரெஜினா அக்கா. காம்பு இருந்தா கையில புடிச்சிக் கடிக்கலாம் சார், இல்லாட்டி வெரலு எரியும்ல என்று அதற்கு அவள் ஒரு நியாயமும் வைத்திருக்கிறாள். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் தள்ளுவண்டி, ஒரே அண்டா, பன்னிரண்டு மணிக்குத் திறந்தால் ரெண்டு மணிக்குக் கவிழ்த்துவிடுவாள். பதினோரு வருஷமாக வாரத்துக்கு மூன்று நாள் பூவராகனின் மதியச் சாப்பாடு அது. வேலையில் சேர்ந்த முதல் நாள் அங்கேதான் சாப்பிட்டான். மதிவதனி பிறந்த சேதி போனில் வந்தபோது கையில் அந்தத் தட்டுதான் இருந்தது, எச்சில் கையோடு ரெஜினா அக்காவிடம் பொண்ணு பொறந்திருக்குங்க்கா என்று கத்தினான். அவள் அண்டாவைத் தட்டித் தாளம் போட்டு, வரிசையில் நின்ற அத்தனை பேருக்கும் சொன்னாள்.

யாரோ ஒருத்தன் போன ஞாயிற்றுக்கிழமை வீடியோ எடுத்துப் போட்டுவிட்டான். வீடியோவில் என்ன இருக்கிறது, வண்டிக்குக் கீழே ஒரு பூனை உட்கார்ந்திருக்கிறது. அவ்வளவுதான். கறிக்கடை, மீன்கடை, பிரியாணிக் கடைப் பக்கம் பூனை உட்காராமல் பேங்க் வாசலிலா உட்காரும்? ஆனால் அதற்குப் பின்னால் திகிலாக ஒரு மியூசிக்கைச் சேர்த்து, மேலே சிவப்பில் ஒரு கேள்விக்குறியைப் போட்டுவிட்டால் போதுமே. கலைவாணியே அதை இவனுக்கு அனுப்பினாள், கீழே கைகூப்புகிற படம் நாலு. இனிமே வெளிய சாப்பிட்டுட்டு வந்தா வாசல்லயே நில்லுங்க என்றாள். திங்கட்கிழமை அதிகாரி அந்த அண்டாவிலிருந்து அள்ளிக்கொண்டு வந்துவிட்டார். இன்றைக்கு வெள்ளிக்கிழமை, அஞ்சு மணிக்கு ரிப்போர்ட்டுக்கு வருவார். பூனை என்று போனால் வண்டிக்குச் சீல், போலீஸ், பேப்பர், அப்புறம் அந்தப் பொம்பளை எந்தத் தெருவில் நின்று எதை விற்றாலும் ஜனங்கள் மூக்கைப் பொத்துவார்கள். ஆடு என்று போனால் பிழைத்தாள். நடுவில் இருப்பது இந்த முடி. இதைப் போய் என் கோட்டில் கொண்டுவந்து வைத்தாயே ரவா, உனக்கு என்ன குறை வைத்தேன், மத்தி மீன் தலையை எண்ணி எண்ணிப் போட்டேனே.

அது சரி, முடியே விழவில்லை, கோட்டு சுத்தம், கை சுத்தம், எல்லாம் சுத்தம் என்று வைத்துக்கொள், அப்போதும் மூன்றாம் குழியில் கோடு விழுந்தால்? இந்த எண்ணம் வந்ததும் பூவராகன் தன்னையறியாமல் விரல்விட்டு எண்ணத் தொடங்கினான். பதினோரு வருஷம். வாரத்துக்கு மூன்று. பெருக்கிப் பார்க்க வேண்டாம், பெருக்காதே. ரவா வந்த நாளிலிருந்தே அவனை ஒரு மாதிரிதான் பார்க்கிறது. மதிவதனி மடியில் உருளும், கலைவாணி காலைச் சுற்றும், இவன் ஆபீஸிலிருந்து வந்து சட்டையைக் கழற்றினால் மட்டும் பீரோ மேலே ஏறி உட்கார்ந்துகொண்டு கண்ணை இடுக்கிப் பார்க்கும். எங்கேயோ வாசனை பிடித்திருக்குமோ? சீ, மண்டை குழம்பிப் போச்சு. ரெஜினா அக்காவாவது, பூனையாவது. வண்டிக்குக் கீழே உட்கார்ந்த அந்தப் பூனைக்குக்கூட அவள் தினமும் எலும்பு போடுகிறவள். போட்டு வளர்த்து... அடச்சே. இதுதான் அந்த வீடியோக்காரன் செய்த வேலை. ஒன்றுமில்லாத இடத்தில் ஒரு கேள்விக்குறியை மாட்டிவிட்டுப் போய்விட்டான், அது இத்தனை வருஷம் கைநனைத்தவன் மனசிலேயே கொக்கி மாதிரி மாட்டிக்கொண்டு தொங்குகிறது. பூவராகனுக்குத் தன்மேலேயே கோபம் வந்தது. இந்த நாலு நாளும் அவன் அந்தப் பக்கமே போகவில்லை. சாம்பிள் யாருடையது என்று தெரிந்தபின் அவள் கையால் வாங்கிச் சாப்பிடுவது முறையில்லை என்று அதற்கு ஒரு காரணம் வைத்திருந்தான். நல்ல காரணம்தான். ஆனால் முழுக் காரணமும் அதுதானா?

"என்ன அண்ணே, பொட்டி பக்கத்துலயே தவம் இருக்கீங்க?" என்று கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு நஸ்ரீன் வந்தாள். அடுத்த அறையில் வேலை பார்க்கிற பெண், வயசு இருபத்தாறு, வாய் அறுபது.

"ஒண்ணுமில்லம்மா."

"மூஞ்சியப் பாத்தா ஒண்ணுமில்லாத மாதிரி தெரியலயே. சரி சரி, நான் எதுவும் கேக்கல." வாயின்மேல் விரலை வைத்துக்கொண்டாள். ஜெல் ஓடும்போது வருமா வராதா என்று யாரும் யாரையும் கேட்கக் கூடாது என்பது அந்த ஆய்வகத்தில் எழுதாத சட்டம். கேட்டால் வராது. படித்தவர்கள்தான், எல்லாரும் எம்எஸ்ஸிக்காரர்கள்தான். ஆனாலும் பிசிஆர் மெஷின் நெற்றியில் போன ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனமும் குங்குமமும் இன்னும் காய்ந்து ஒட்டிக்கொண்டிருக்கிறது, யாரும் துடைக்க மாட்டார்கள். துடைத்த வருஷம் மெஷின் மக்கர் பண்ணியது.

"நஸ்ரீன், இங்க வா. இது என் தலைமுடியான்னு பாரு."

அவள் அந்த மடிப்பைப் பார்த்தாள், நிமிர்ந்து வழவழவென்று மின்னிய அவன் தலையைப் பார்த்தாள், மறுபடி மடிப்பைப் பார்த்தாள். "அண்ணே, உங்க தலையிலேருந்து ஒண்ணு விழுந்திருந்தா அன்னிக்கு ஆபீஸுக்கு லீவு விட்டிருப்பாங்க."

"மீசையா இருக்கலாம்ல?"

"மீசைக்குத்தான் வாராவாரம் மை போடுறீங்களே, அது எப்படி வெள்ளையா விழும்?" சிரித்துக்கொண்டே போய்விட்டாள். ஆளைக் குத்தவும் தெரிகிறது, அதோடு துப்பும் துலக்கிவிட்டாள் கழுதை. பூவராகன் பசைநாடாவில் ஒரு துண்டு கிழித்து அந்த முடியை ஒட்டி எடுத்து வெளிச்சத்தில் பிடித்தான். சின்னது, ஒரு முனை தடித்து மறுமுனை ஊசியாய்க் கூர்த்து. மனுஷ முடி வெட்டிய முனை மொட்டையாக இருக்கும். இது வெட்டுப்படாத முடி. சலூன் வாசலே மிதிக்காத ஜீவனுடையது. ரவாதான், சந்தேகமே வேண்டாம். ஆனால் முடி ரவாவுடையது என்பதும் முடி குப்பிக்குள் விழுந்தது என்பதும் ஒன்றா? விழுந்திருந்தால் அது குப்பிக்குள் அல்லவா இருக்கும், இங்கே எப்படி இருக்கும்? ஆகா, அப்படிப் போடு. உடனே இன்னொரு குரல், ரவா என்ன ஒற்றை முடிப் பூனையா, இது இங்கே நின்றது, இதன் அக்கா தங்கை எங்கே போனார்களோ?

நீலம் பாதி வழி வந்துவிட்டது. கண்ணுக்குத் தெரிவது சாயம் மட்டும்தான். அதற்குப் பின்னால் டிஎன்ஏ இருட்டில் நடந்து வருகிறது. கடல்பாசி ஜெல்லி மாதிரிதான் இதுவும், பாசியிலிருந்து எடுத்ததுதான், நோன்புக்கு நஸ்ரீன் கொண்டுவரும் ரோஜா நிறக் கடல்பாசியைப் பார்த்தாலே இவனுக்கு ஒயர் மாட்டத் தோன்றும். அதன் கண்ணுக்குத் தெரியாத வலைக்குள் சின்னத் துண்டுகள் நெளிந்து முன்னால் ஓடும், பெரியவை தொந்தியைத் தூக்கிக்கொண்டு பின்தங்கும். டிஎன்ஏவுக்கு மைனஸ் மின்சாரம், அதனால் சிவப்பு ஒயரைப் பார்த்து ஓடும். இதைப் பரீட்சையில் பத்துத் தடவை எழுதியவன், வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் நாள் ஒயரை மாற்றி மாட்டிவிட்டான். முக்கால் மணி நேரம் கழித்து வந்து பார்த்தால் ஜெல்லில் ஒன்றுமே இல்லை, எல்லாம் பின்பக்கமாக ஓடித் தண்ணீருக்குள் குதித்துவிட்டது. சாருலதா மேடம், அப்போது அவர் இந்தப் பிரிவுக்குத் தலைவியாகியிருக்கவில்லை, வந்து எட்டிப் பார்த்து, பூவராகன், உங்க டிஎன்ஏ எல்லாம் வீட்டுக்குப் போயிடுச்சு, நீங்களும் போங்க என்றார். அன்றைக்கு அவ்வளவு வெட்கமாக இருந்தது. அன்றைக்குப் போனது ஏதோ பயிற்சிக்குக் கொடுத்த கோழி, யாருக்கும் நஷ்டமில்லை. இன்றைக்கு? அந்த அக்காவுக்கு இதெல்லாம் என்ன தெரியும். பாவம், அவள் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருப்பாள். தன் தலையெழுத்து அம்பத்தூரில் ஒரு மாடியறையில் ஜெல்லிக்குள் மெல்ல மெல்ல நகர்ந்துகொண்டிருப்பதும், அதைக் காவல் காக்கிறவன் தன் வாடிக்கைக்காரன் என்பதும், அவன் கோட்டுக் கையில் பூனை முடி இருந்ததும் அவளுக்கு எப்படித் தெரியும். தெரிந்தால் கரண்டியாலேயே மண்டையில் ஒன்று வைப்பாள். வைக்கட்டும், அதையும் சந்தோஷமாக வாங்கிக்கொள்வேன். இன்னும் பதினெட்டு நிமிஷம்.

டிஎன்ஏ என்றால் நாலே எழுத்து. ஆட்டுக்கும் அதே நாலு, பூனைக்கும் அதே நாலு, ரெஜினா அக்காவுக்கும் எனக்கும் அந்த வீடியோக்காரனுக்கும் அதே நாலு. மதிவதனிக்குக் கலைவாணியின் மூக்கு வந்தது, என் காது வந்தது, என் சோம்பேறித்தனமும் வந்திருக்கிறது என்கிறாள் கலைவாணி, அதற்கு எந்த ஜீன் என்று காட்டுங்கள் பார்ப்போம் என்றால் காட்ட முடியாது, ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு ரெண்டு பேரையும் கட்டிலில் பார்த்தாலே போதாதா என்பாள். நேற்று மதிவதனி கேட்டாள், அப்பா ரவாவுக்கும் நமக்கும் சொந்தமா என்று. தூரத்துச் சொந்தம்தான்டி, ரொம்ப தூரம் என்றேன். அப்படியானால் ஆடும் சொந்தமா? ஆடும்தான். அப்படியானால் எதற்கு அதை மட்டும் சாப்பிடுகிறோம்? போய்ப் படு என்றேன். இதற்கெல்லாம் பதில் இருந்தால் நான் ஏன் இங்கே சம்பளத்துக்கு நிற்கிறேன். அவள் படுத்தபோது ரவா அவளுக்குப் பக்கத்தில் இல்லை, துணிக்கூடையில் இருந்தது. அப்போதே எழுப்பித் துரத்தியிருக்கலாம். தூங்குகிற பூனையை எழுப்ப மனசு வரவில்லை, அது அவ்வளவு அம்சமாகச் சுருண்டிருந்தது. அது ஒரு குற்றமா? குற்றம்தான். கோட்டைக் கொண்டுபோனது ஒன்று, கூடையில் விட்டது ரெண்டு, உதறாமல் மாட்டியது மூன்று, யாருடைய சாம்பிள் என்று தெரிந்தும் மேடத்திடம் வாயைத் திறக்காதது நாலு. அடுக்கிப் பார்த்தால் ஜெல் ஓடி முடிவதற்குள் ஆயுள் தண்டனையே வந்துவிடும் போலிருந்தது. பயத்துக்கு நடுவில் அவனுக்குச் சிரிப்பும் வந்தது, என்ன செய்ய, பிறவிக் குணம்.

டைமர் கத்தியது. பூவராகன் புதுக் கையுறை மாட்டி, ஜெல்லைத் தட்டோடு ஏந்தி, படமெடுக்கும் பெட்டிக்குள் வைத்துக் கதவைச் சாத்தினான். உள்ளே புற ஊதா விளக்கு எரிந்தது. திரையைப் பார்க்காமல் முதலில் சுவரைப் பார்த்தான். பிறகு ஒரு கண்ணால் பார்த்தான். ஒன்றாம் குழி, அளவுகோல், ஏணிப்படி மாதிரி அழகாக. இரண்டு, ஆடு. பளிச்சென்று, கட்டையாக, இதோ இருக்கிறேன் என்று ஆடு. மூன்று. மூன்றில் இருட்டு. கண்ணைக் கசக்கிக்கொண்டு வெளிச்சத்தைக் கூட்டிப் பார்த்தான், இன்னும் கூட்டினான், இருட்டுதான், கும்மிருட்டு, அமாவாசை. ரெஜினா அக்கா! என் தாயே! நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டான். நாலில் ஆடு, ஐந்தில் பூனை, இருக்க வேண்டிய இடத்தில் இருக்க வேண்டியவர்கள். ஆறு காலி. ஏழில் கண் போனதும் பூவராகன் அப்படியே பாதியில் நின்றான். ஏழில் மெலிசாக, பென்சிலால் இழுத்த மாதிரி, ஒரு கோடு. ஐந்தாம் குழிப் பூனைக்கு நேர் வரிசையில். வெறும் தண்ணீர் விட்ட குழி. பிரியாணியில் பூனை இல்லை, தண்ணீரில் பூனை. ரவா கடைசியில் போய் விழுந்த இடம், எதுவுமே இல்லாத குப்பி.

அவன் வாய்விட்டுச் சிரித்தான். சிரித்து முடித்ததும் முகம் மெல்லத் தொங்கியது. தண்ணீரில் கோடு விழுந்தால் மொத்த ஓட்டமும் செல்லாது, அது விதிகளுக்கெல்லாம் விதி. மறுபடியும் ஆதியிலிருந்து ஆரம்பிக்க அஞ்சு மணி நேரம். மணி பன்னிரண்டு தாண்டிவிட்டது. இன்றைக்கு ரிப்போர்ட் போகாவிட்டால் சனி, ஞாயிறு லீவு, திங்கட்கிழமைதான். அந்த அக்காவுக்கு ஞாயிற்றுக்கிழமை வியாபாரம்தான் வியாபாரம். அந்த நாளும் அண்டா ஆறும், வீடியோ இன்னும் நாலாயிரம் பேருக்குப் போகும். விடை தெரிந்துவிட்டதே, அவள் சுத்தம் என்று கண்ணால் பார்த்தாயிற்றே. ஏழாம் குழி ஓரத்தில் இருக்கிறது. படத்தின் ஓரத்தைப் பிடித்து இத்தனூண்டு உள்ளே தள்ளினால் ஆறோடு முடிந்துவிடும். மவுஸ் கையில் இருந்தது, தள்ளியும் பார்த்தான். ஆறு குழி, அம்சமான படம், யாரும் ஒரு வார்த்தை கேட்க மாட்டார்கள். நல்லதுக்குத்தானே? நல்லதுக்குத்தான். ஆனால் மூன்றில் கோடு விழுந்து ஏழும் விழுந்திருந்தால், நீ ஏழாம் குழியைக் காட்டிக் கதறியிருப்பாயா இல்லையா பூவராகா? ஐயா, இது என் பூனை, அவளை விட்டுவிடுங்கள் என்று மேடம் காலில் விழுந்திருப்பாயே. அப்போது வேண்டும், இப்போது வேண்டாமா? அடுத்த வாரம் வேறொரு டப்பா வரும், அதில் காம்பு மிளகாய் இருக்காது, எனக்குத் தெரியாத எவளோ ஒருத்தியின் அண்டாவாக இருக்கும். அவன் படத்தை இழுத்து எட்டுக் குழியையும் உள்ளே கொண்டுவந்து சேமித்தான். அச்சடித்து எடுத்துக்கொண்டு நேராக மேடம் அறைக்குப் போனான்.

சாருலதா மேடம் டிபன் பாக்ஸைத் திறந்து வைத்திருந்தார். "மேடம், ரெண்டு விஷயம் சொல்லணும். ரெண்டும் தப்பு. ரெண்டும் என்னுது."

"ஒவ்வொண்ணா சொல்லுங்க. சாப்பிடறப்ப ரெண்டு சேந்தாப்ல தாங்காது."

சொன்னான். கோட்டிலிருந்து ஆரம்பித்துக் காம்பு மிளகாய் வரைக்கும் ஒன்று விடாமல் சொன்னான். மேடம் படத்தைக் கையில் வாங்கி ஏழாம் குழியின்மேல் விரலை வைத்தார்.

"டப்பாவத் திறந்த அன்னிக்கே நீங்க எங்கிட்ட சொல்லியிருக்கணும். தெரிஞ்சவங்க சாம்பிளைத் தொடக் கூடாதுன்னு உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும் மேடம்."

"கோட்டு விஷயத்துக்கு மெமோ வரும். வாங்கிக்கணும்."

"வாங்கிக்கறேன் மேடம்."

"பூனை பேரு என்ன?"

"ரவா."

மேடம் சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார், தோள் மட்டும் குலுங்கியது. திரும்பியபோது முகத்தில் சிரிப்பில்லை. "நஸ்ரீன்!" என்று கூப்பிட, அவள் வாசலில் வந்து நின்றாள். "உங்க வீட்டுல என்னம்மா வளக்கறீங்க?"

"மீன் தொட்டி மேடம்."

"நல்லது, மீனுக்கு முடி கிடையாது. நானூத்திப் பதினேழோட மறுபாதி ஃப்ரீசர்ல இருக்கு. புதுக் கோட்டு, புதுத் தண்ணி, எல்லாம் புதுசு. இப்பவே ஆரம்பிம்மா, அதிகாரிய நான் பேசி உக்கார வெச்சுக்கறேன். பூவராகன், உங்க கோட்டப் பையில போட்டுக் கட்டுங்க. அந்த ரூம் பக்கம் உங்க நிழல் விழக் கூடாது."

அதனால் மத்தியானம் முழுக்க அவன் நடைபாதையில் நின்றான். இந்தக் கோடி நடந்தான், அந்தக் கோடி நடந்தான், பிரசவ வார்டு வாசலில் நிற்கிற புருஷன்களைவிட அதிகமாக நடந்தான். அஞ்சு மணிக்கு அதிகாரி வந்து டீ குடித்தார். அஞ்சே காலுக்கு நஸ்ரீன் கதவைத் திறந்தாள். அவன் எதுவும் கேட்கவில்லை, கேட்கக் கூடாது, கையை மட்டும் பிசைந்தான்.

"அண்ணே, ஆடு."

"வேற?"

"வேற ஒண்ணுமில்ல. தண்ணி ரெண்டும் சுத்தம்."

பூவராகன் மாடிப்படியிலேயே உட்கார்ந்துவிட்டான். மத்தியானத்திலிருந்து மூத்திரம் போகக்கூட மறந்திருந்தது அப்போதுதான் தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை பன்னிரண்டேகாலுக்குப் போனபோது வண்டியில் ரிப்போர்ட்டை பிளாஸ்டிக் போட்டு ஒட்டி, மணிப்பிளான்ட் மாலை சாத்தியிருந்தார்கள். வரிசை பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நின்றது. ரெஜினா அக்கா கரண்டியும் கையுமாக ஒவ்வொருத்தருக்கும் கடைசி வரியைப் படித்துக் காட்டிக்கொண்டிருந்தாள். "ஆய்வு செய்தவர் நஸ்ரீன்னு போட்டுருக்கு பாருங்க. யாரு பெத்த புள்ளையோ, நல்லா இருக்கணும்."

"நல்லா இருக்கணுங்க்கா" என்றான் பூவராகன்.

அவள் நிமிர்ந்தாள். கரண்டி அந்தரத்தில் நின்றது. "வாங்க சார், வாங்க. வழி தெரிஞ்சுதா? அஞ்சாறு நாளா இந்தப் பக்கமே எட்டிப் பாக்கல. ஊர்ல எவன் வராட்டியும் எனக்குக் கவலையில்ல சார். உங்களக் காணோம்னதும்தான் எனக்கு நெஞ்சு அடச்சுப் போச்சு. பதினோரு வருசம் என் கையால துன்னவரு. நீங்களுமா நம்பிட்டீங்க?"

வரிசை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. சொல்ல எத்தனை இருந்தது. முடி, ஏழாம் குழி, மெமோ, நடைபாதை. ஒன்றையும் சொல்லக் கூடாது, டப்பாவுக்கு நம்பர்தான் உண்டு, பேர் கிடையாது. ஆனால் அவள் கேட்டது அதையெல்லாம் இல்லையே. கேட்டது ஒன்றே ஒன்று, அதற்கு அவனிடம் உண்மையான பதில் இருந்தது.

"ஆமாங்க்கா" என்றான். "கொஞ்ச நேரம் நம்பிட்டேன்."

ரெஜினா அக்கா அவனை மேலும் கீழும் பார்த்தாள். வரிசையில் யாரோ கொக்கரித்துச் சிரித்தார்கள். அவளுக்கு முகம் சிவந்து, பிறகு மெதுவாக இளகியது.

"நேத்துலேருந்து அறுபது பேரு வந்தாங்க. ஒருத்தருக்குக் காய்ச்சலாம், ஒருத்தரு ஊருக்குப் போனாராம், ஒருத்தரு வெரதமாம். எல்லாம் புளுகு. நீங்க ஒருத்தருதான் சார் மூஞ்சிக்கு நேரா உண்மையச் சொன்னீங்க." தட்டை எடுத்துக் கும்பாரமாகப் போட்டாள், கறியைத் தோண்டி வைத்தாள், யோசித்து மேலே ஒரு முட்டையையும் வைத்தாள். "உக்காந்து சாப்புடுங்க. வயித்தெரிச்சல் இன்னும் தீரல எனக்கு. சாப்ட்டதும் திட்டறேன்."

பூவராகன் சுவர் ஓரமாகப் போய்க் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, அவள் திட்டப்போவதை நினைத்துச் சந்தோஷமாகச் சாப்பிட ஆரம்பித்தான்.